குறிஞ்சி மலரை மீண்டும் படித்தபோது



ஒரு முறை படித்து முடித்த கதைப் புத்தகத்தை, பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்துப் படிக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கதைதான் தெரிந்துவிட்டதே, முடிவும் தெரிந்துவிட்டதே, இனி எதற்குப் படிக்கவேண்டும் என்று பெரும்பாலோர் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். ஆனால், பதினாறு வயதில் நான் உயிருக்கு உயிராக நேசித்த ஒரு நாவலை நாற்பதாவது வயதில் மீண்டும் படிக்க நேர்ந்தது. அப்படிப் படித்ததில் அந்த நாவலைப் பற்றிக் கொஞ்சமும், என்னைப் பற்றி நிறையவும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த நாவல், நா. பார்த்தசாரதி அவர்கள் எழுதிய 'குறிஞ்சி மலர்'. 'மணிவண்ணன்' என்னும் புனைபெயரில், 1960ஆம் ஆண்டையொட்டி, 'கல்கி' வார இதழில் அவர் தொடராக எழுதிய கதை அது. பின்னர் புத்தகமாக வந்து பல பதிப்புகளைக் கண்டது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் கதைத் தலைவன் அரவிந்தனாக நடித்தவர், 2021இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் அவர்கள். அந்த நாவலைப் படித்த பெற்றோர் பலர் தங்கள் பெண் குழந்தைக்குப் பூரணி என்றும், ஆண் குழந்தைக்கு அரவிந்தன் என்றும் பெயர் வைத்தார்கள் என்றால், அது வாசகர் மனத்தில் எப்படிப்பட்ட இடத்தைப் பிடித்திருந்தது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கதையை அறியாத இளைய நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் அழகிய சிற்றம்பலம் என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர். நேர்மையே சொத்தாக வாழ்ந்த அவர் இறந்துபோகிறார். அவருடைய மூத்த மகள்தான் பூரணி. இரண்டு தம்பிகளையும் ஒரு சின்னஞ்சிறு தங்கையையும் காப்பாற்றும் பொறுப்பு அந்த இளம் பெண்ணின் தலையில் விழுகிறது. கையில் காசு இல்லை. தந்தையின் புத்தகங்களை விற்றவர் அவற்றுக்கு உரிய பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறார். பசியோடு தெருவில் நடந்துபோகும் பூரணி மயங்கி விழுகிறாள். அங்கிருந்துதான் அவளுடைய வாழ்க்கை திசை திரும்புகிறது. மங்களேசுவரி அம்மாள் என்னும் செல்வச் சீமாட்டியின் அன்பு கிடைக்கிறது. அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் இலட்சிய இளைஞனாகிய அரவிந்தன் அவளுடைய தந்தையின் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையில் துணை நிற்கிறான். இருவருக்கும் இடையே காதல் மலர்கிறது. ஆனால் அவர்களுக்குத் திருமணம் நடக்கவில்லை. அரவிந்தன் காய்ச்சல் கண்டு இறந்துபோகிறான். கழுத்தில் தாலி ஏறாத பூரணி, மனத்தளவில் அவனுக்கு மனைவியாகவே தன்னை எண்ணிக்கொண்டு, அவனுடைய விதவையாக எஞ்சிய வாழ்வை வாழத் தொடங்குகிறாள்.

இதுதான் கதை. இதை நான் படித்தது 1994ஆம் ஆண்டில்.

அப்பொழுது நான் நான்காம் படிவ மாணவி. எங்கள் தோட்டத்தில் பாதி நிலத்தில் பால்மரமும் பாதி நிலத்தில் செம்பனையும் இருந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபிறகு, தமிழ் என்பது வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிட்டது. காலை இருட்டில், பெரியவர்கள் பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், நாங்கள் பள்ளிப் பேருந்துக்குக் கிளம்புவோம். மாலையில் திரும்பி வந்தால் படிக்கத் தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று மனம் ஏங்கும். மணிமன்றத்துக் கட்டடத்தில் ஓர் அலமாரி இருந்தது. அதில் நாற்பது, ஐம்பது புத்தகங்கள். அவற்றுள் ஒன்றுதான் குறிஞ்சி மலர். மேலட்டை போய்விட்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய நாள்காட்டித் தாளை மடித்து அட்டை போட்டு, நூலால் தைத்து வைத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தை மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். அரவிந்தன் இறந்த பக்கத்தைப் படித்தபோது வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். லயத்து வீட்டில் ஒரு பலகைச் சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு குடும்பம். சத்தம் போட்டு அழவும் இடமில்லாத வீடு அது!

அந்த வயதில் அந்த நாவலில் எது என்னை இழுத்தது? ஒரு பெண்ணை ஓர் ஆண் இவ்வளவு மரியாதையோடு நினைக்க முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. சினிமாவில் நாங்கள் பார்த்த காதல் வேறு. சாலையில் சீட்டியடிக்கும் காதல் வேறு. இங்கே காதலைப் பற்றிப் பேசியதைவிட அறத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் ஏழைகளைப் பற்றியும் அவர்கள் இருவரும் பேசியதுதான் அதிகம். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் பழம்பாடல் அல்லது கவிதை வரிகள் இருக்கும். அவற்றையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இலக்கிய வகுப்பில் அமர்ந்தபோது, விரிவுரையாளர் சொன்ன பாடல்கள் சில எனக்கு முன்பே அறிமுகமானவையாக இருந்தன. அவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர் குறிஞ்சி மலர்தான். அந்த நன்றியை நான் என்றும் மறப்பதற்கில்லை.

இங்கே குறிஞ்சிப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் பழனி மலைத் தொடரிலும் நீலகிரியிலும், அடுத்துள்ள கேரளத்தின் மூணாறு மலைகளிலும் நீலக்குறிஞ்சி பூக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அது கூட்டமாகப் பூக்கும். பூத்து, விதை போட்டபின் அந்தச் செடி மடிந்துவிடும். விதையிலிருந்து முளைத்த புதுச் செடி மறுபடியும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து பூக்கும். கொடைக்கானலில் முருகப் பெருமானுக்குக் குறிஞ்சி ஆண்டவர் என்று பெயர் சொல்லி ஒரு கோயிலே இருக்கிறது. மலைவாழ் மக்கள் சிலர் குறிஞ்சி பூத்த தடவைகளைக் கொண்டு தங்கள் வயதைக் கணக்கிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. ஆயிரத்தில் ஒருத்தியாக அரிதாக மலரும் பெண் பூரணி என்னும் கருத்தில்தான் ஆசிரியர் நாவலுக்கு இந்தப் பெயரை வைத்தார்.

அந்த மலைவாழ் மக்களைப்போல நானும் என் வயதைக் குறிஞ்சியால் எண்ணிப் பார்க்கிறேன். குறிஞ்சி 1982இல் பூத்தபோது நான் நான்கு வயதுக் குழந்தை. 1994இல் பூத்தபோது இந்த நாவலைப் படித்த பதினாறு வயதுப் பெண். 2006இல் பூத்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. திருமணமாகிக் கையில் குழந்தையோடு, தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். அந்த ஆண்டு இந்த நாவலை மறுபடியும் கையில் எடுத்தேன். நாற்பது பக்கம்கூடப் போகவில்லை, மூடி வைத்துவிட்டேன். இவர்கள் ஏன் எப்பொழுதும் மேடையில் பேசுவதைப்போலப் பேசுகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. இரவில் பால் குடிக்க அழும் குழந்தையையும், திருத்தாமல் குவிந்து கிடக்கும் பயிற்சி நூல்களையும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இலட்சிய வசனங்களைக் கேட்கப் பொறுமை இல்லை. பதினாறு வயதில் தலைமேல் வைத்ததை இருபத்தெட்டு வயதில் கீழே வைத்தேன். இரண்டுமே சரியான படிப்பு ஆகாது என்று இப்பொழுது தெரிகிறது.

2018ஆம் ஆண்டில் மறுபடியும் குறிஞ்சி பூத்தது. மலைச்சரிவு முழுவதும் நீலப் போர்வை போர்த்தியதுபோன்ற படங்கள் செய்திகளில் வந்தன. எனக்கு அப்பொழுது நாற்பது வயது. அந்த ஆண்டின் கடைசிப் பள்ளி விடுமுறையில் குறிஞ்சி மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தேன்.

நேயர்களே, அது வேறு புத்தகமாக இருந்தது.

முதலில் என்னைத் தடுத்து நிறுத்தியது காதல் அன்று, பசி. பதினாறு வயதில் நான் வேகமாகத் தாண்டிப்போன பக்கங்கள் அவை. அரவிந்தன் எப்பொழுது வருவான் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். இப்பொழுது படித்தபோது, வீட்டில் அரிசி இல்லை என்பதைத் தம்பி தங்கைகளுக்குக் காட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும் ஒரு மூத்த பெண்ணைப் பார்த்தேன். அப்பாவின் பெயரைக் கெடுக்காமல் வாழவேண்டும் என்ற உறுதி ஒரு பக்கம்; மறுநாள் சோற்றுக்கு என்ன வழி என்ற கவலை ஒரு பக்கம். காதல் வருவதற்கு முன்பே பூரணி பெரியவள் ஆகிவிட்டாள். அவளைப் பெரியவள் ஆக்கியது அரவிந்தன் அல்லன். அந்த மூன்று பிள்ளைகளின் வயிறு. என் வகுப்பில் அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் ஆண்டில் படிக்கும்போதே தம்பியைக் குளிப்பாட்டி, சோறாக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அவர்களை நான் எழுப்பி நிறுத்தியதும் உண்டு. அந்தப் பக்கங்களைப் படித்தபோது அந்த முகங்கள் கண்முன் வந்தன.

இரண்டாவதாக, வசந்தாவைக் கண்டுகொண்டேன். மங்களேசுவரி அம்மாளின் மூத்த மகள் அவள். சினிமா மோகத்தில் ஒருவனை நம்பிப் போய், ஏமாந்து திரும்பியவள். பதினாறு வயதில் எனக்கு அவளைப் பிடிக்காது. பூரணி எங்கே, இவள் எங்கே என்று ஏளனமாக நினைத்தேன். ஆனால் நாவலாசிரியர் அவளைக் கைவிடவில்லை. முருகானந்தம் என்னும் தையற்காரன், அரவிந்தனின் நண்பன், அவளை மணந்துகொள்கிறான். தவறிய பெண்ணுக்கு வாழ்வு உண்டு என்று 1960ஆம் ஆண்டுவாக்கில், குடும்பத்தில் எல்லாரும் படிக்கிற ஒரு வார இதழில் எழுதுவதற்குத் துணிவு வேண்டும். பணக்கார வீட்டுப் பெண், கையால் உழைத்துப் பிழைக்கும் ஒருவனை ஏற்றுக்கொள்கிறாள் என்பதும் சாதாரணச் செய்தி அன்று. நா. பா. அதைச் செய்திருக்கிறார். பூரணியின் ஒளியில் கண் கூசிப்போன எனக்கு அந்த நல்ல காரியம் தெரியாமலே போயிற்று.

ஆனால் அங்கேயே ஒரு கேள்வியும் பிறந்தது. தவறு செய்த வசந்தாவுக்கு மணமாலையைக் கொடுத்த ஆசிரியர், எந்தத் தவறும் செய்யாத பூரணிக்கு ஏன் விதவைக் கோலத்தைக் கொடுத்தார்?

யோசித்துப் பார்த்தேன். குறிஞ்சி என்பது நம் பழைய இலக்கண மரபில் மலையும் மலை சார்ந்த இடமும். அதன் உரிப்பொருள் புணர்தல், அதாவது தலைவனும் தலைவியும் கூடுதல். குறிஞ்சி என்று பெயர் வைத்த நாவலில் அந்தக் கூடுதல் நடைபெறவே இல்லை. ஆசிரியர் தமிழ் இலக்கணம் முறையாகப் படித்தவர், தமிழாசிரியராகவே பணியாற்றியவர். தெரியாமல் வைத்திருக்க முடியாது. உடலால் கூடாமல் உள்ளத்தால் மட்டும் கூடுகிற ஒரு காதலைப் படைத்துக் காட்டவேண்டும் என்று அவர் விரும்பியிருக்கலாம். அதற்கு அரவிந்தன் இறந்தே ஆகவேண்டும். இருந்திருந்தால் இருவரும் குடித்தனம் நடத்தவேண்டும். வாடகை கட்டவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஒருநாள் சாம்பாரில் உப்புக் கூடிவிடும். அச்சகத்தில் சம்பளம் தாமதமாகும். முதல் காதல் முதல் காதலாகவே இருக்கவேண்டுமானால் அது அரிசி வாங்கப் போகக்கூடாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் இறவாமல் நிற்கும் காதல் கதைகள் பலவும் இப்படித்தான் முடிகின்றன. ஆனால் அரிசி வாங்கப் போவதிலும் காதல் உண்டு என்பதைப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

இன்னொரு செய்தியும் எனக்குத் தோன்றியது. நா. பார்த்தசாரதி அவர்கள் பிறந்தது 1932ஆம் ஆண்டில். அப்படியானால் இந்த நாவலை எழுதியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை! பதினாறு வயதில் நான் அவரை நரைத்த தாடியுடைய ஒரு ஞானியாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். இப்பொழுது கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் அன்று என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். எங்கள் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியரின் வயது. அந்த வயதில் இருந்த ஓர் இளைஞர், உலகம் இப்படித் தூய்மையாக இருக்கவேண்டும், பெண் இப்படி உயர்ந்து நிற்கவேண்டும் என்று கனவு கண்டு எழுதியிருக்கிறார். இது தெரிந்தபிறகு எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அந்தக் கனவை அவர் காணட்டும். அந்த வயதில் காணாவிட்டால் பிறகு எப்பொழுது காண்பது? அதைக் கனவு என்று தெரிந்து படிக்கவேண்டியது நம் பொறுப்பு. 1971இல் 'சமுதாய வீதி' நாவலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற அவர், 1987இல், ஐம்பத்தைந்து வயது நிறைவதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

நேயர்களே, இதுவரை சொன்னது புத்தகத்தைப் பற்றி. இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றி. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். சொன்னால் யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா மகள் ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பெரியப்பா இறந்தபிறகு, நோயாளியான பெரியம்மாவையும் படித்துக்கொண்டிருந்த இரண்டு தம்பிகளையும் பால்வெட்டுக்குப் போய்க் காப்பாற்றியவர். நான் குறிஞ்சி மலர் படித்த அதே ஆண்டில் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். ஒருநாள் இரவு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது செம்மண் சாலையில் விழுந்து இறந்துபோனார்.

அக்கா ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் குறிஞ்சி மலர். "அக்கா, இதைப் படிங்க. நீங்கதான் பூரணி" என்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அதோடு நிற்கவில்லை. தோழிகளிடம் சொன்னேன், என் அம்மாவிடமும் சொன்னேன். லயத்தில் நாலு பேர் அக்காவைப் பற்றிப் பேசும்போது, "அவள் பூரணி மாதிரி" என்று பேச ஆரம்பித்தார்கள். 1997ஆம் ஆண்டில் ஒரு நல்ல இடத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஓரிரண்டு பேர் கேட்டார்கள். அதே பதில்தான். அதைக் கேட்டு அப்பொழுது நான் பெருமைப்பட்டேன். ஒரு கதாபாத்திரம் என் கண்முன்னே நடமாடுகிறது என்று பெருமை!

2018இல் நாவலை மீண்டும் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம், துக்கம் ஆறாத நேரத்தில், நீ இப்படியே நின்றுவிடு என்று சொல்வதுபோன்ற ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேனே! அவர் வாழ்க்கையை நான் அல்லவா தடுத்துவிட்டேன்! அந்த எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுவாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். தோட்டம் மூடப்பட்டபிறகு, பட்டணத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றில் இளைய தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். நான் போனபோது தம்பியின் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பிள்ளை விளையாடப் போனதும் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் புத்தகத்தைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"என்ன டீச்சரம்மா, புத்தகத்தைப் படிச்சிட்டு யாராவது கல்யாணம் வேணாம்னு சொல்வாங்களா? அந்த மாப்பிள்ளை நல்லவருதான். ஆனா அம்மாவைக் கூட வச்சிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. தம்பிங்க ரெண்டு பேரும் படிச்சிக்கிட்டிருந்தானுங்க. நான் போனா அவனுங்களும் படிப்பை விட்டுட்டு மரம் வெட்டத்தான் போகணும். வேணாம்னேன். அவ்வளவுதான்."

"அப்படின்னா, பூரணி மாதிரி இருக்கணும்னு நினைக்கலையா அக்கா?" என்று கேட்டேன்.

"நீ அப்படிச் சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எல்லாரும் என்னை ஏதோ கோயில் சிலை மாதிரிப் பாக்க ஆரம்பிச்சாங்க. ஒரு நல்ல சேலை கட்டினாக்கூட ஒரு மாதிரிப் பாத்தாங்க. ஆனா நீ சின்னப் பிள்ளை. உன்னை என்னான்னு சொல்றது?"

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்காவே தொடர்ந்து பேசினார்.

"அந்தப் புத்தகத்தை நான் முழுசாப் படிக்கவே இல்லை. அந்தப் பொண்ணு பசியில ரோட்டுல மயங்கி விழுவாளே, அதுவரைக்கும்தான் படிச்சேன். அது அப்படியே நம்ம கதை மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல படிக்க நேரமும் இல்லை, மனசும் இல்லை. அப்புறம் அந்தப் பொண்ணுக்கு என்னா ஆச்சு? கல்யாணம் ஆச்சா?"

நான் முடிவைச் சொன்னேன். அரவிந்தன் இறந்ததையும், பூரணி விதவைக் கோலம் பூண்டதையும் சொன்னேன். அக்கா சீப்பில் சிக்கியிருந்த முடியை மெதுவாக எடுத்துக்கொண்டே கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம். இத்தனை கஷ்டப்பட்ட பொண்ணு. அந்த எழுத்தாளரு அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சிருக்கலாம்" என்றார்.

நேயர்களே, குறிஞ்சி மலரைப் பற்றிப் பல திறனாய்வுகளைப் படித்திருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். ஆனால் கால்வாசிப் புத்தகம் மட்டுமே படித்த அக்கா சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. யாரைப் பார்த்து நாங்கள் பூரணி என்று கும்பிட்டோமோ, அவரே பூரணிக்காக இரக்கப்படுகிறார். தனக்குக் கிடைக்காததை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறார். தியாகம் செய்கிறவர்கள் தியாகத்தைப் புகழ்ந்து பேசுவதில்லை. அதைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போல வேடிக்கை பார்க்கிறவர்கள்தாம்.

அப்படியானால் இளம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட நாவல்களைக் கொடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். கட்டாயம் கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குக் காதல் என்னும் சொல் கைப்பேசித் திரையிலிருந்துதான் அறிமுகமாகிறது. அங்கே அது அரை நிமிடத்தில் தொடங்கி அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு பெண்ணை மதிக்கத் தெரிந்த ஆண் எப்படிப் பேசுவான், தன்னை மதிக்கத் தெரிந்த பெண் எப்படி நிமிர்ந்து நிற்பாள் என்பதை முந்நூறு, நானூறு பக்கங்களில் பொறுமையாகக் காட்டும் ஒரு கதை அவர்களுக்குத் தேவை. எனக்கு அது தேவைப்பட்டது. என்னைத் தவறான வழியில் போகாமல் அது காத்தது என்பதும் உண்மை. என் கணவரை நான் தேர்ந்தெடுத்தபோது, அவர் அரவிந்தனைப்போல அழகாகப் பேசுகிறாரா என்று பார்க்கவில்லை. என் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தேன். அப்படிப் பார்க்கத் தோன்றியதிலும் அந்த நாவலுக்குப் பங்கு உண்டு.

ஆனால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிவிடக்கூடாது. படித்து முடித்த பிள்ளையோடு உட்கார்ந்து பேசவேண்டும். கதையில் உனக்கு யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை, நீ எந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனாய் என்று கேட்கவேண்டும். பிள்ளை தள்ளிவிட்ட பக்கங்களில்தான் பெரும்பாலும் வாழ்க்கை இருக்கிறது. இன்னொன்றும் சொல்வேன். கதையில் வரும் ஒருவரின் பெயரை, உயிரோடு நடமாடும் ஒருவரின்மேல் ஒட்டிவிடாதீர்கள். கதாபாத்திரத்துக்குப் பசிக்காது, வயதும் ஏறாது. மனிதர்களுக்கு இரண்டும் உண்டு.

அன்று விடைபெறும்போது அக்காவுக்குக் குறிஞ்சி மலரின் புதிய பதிப்பு ஒன்றைக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். பையில் வைத்திருந்தேன். பிறகு கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த மாதம் அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், அவருக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். கரும்பச்சை நிறம். சிவப்புக் கரை. அடுத்த தீபாவளிக்கு அதைக் கட்டிக்கொண்டு, தம்பி பிள்ளைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நன்றாகவே இருந்தார்.

அடுத்த முறை குறிஞ்சி பூக்கவேண்டியது 2030ஆம் ஆண்டில். அப்பொழுது எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகியிருக்கும். ஆண்டவன் அருளால் கண்ணும் கருத்தும் நன்றாக இருந்தால், மறுபடியும் அந்த நாவலை எடுத்துப் படிப்பேன். அப்பொழுது எந்தப் பக்கத்தில் நிற்பேனோ, யாருக்காகக் கண்கலங்குவேனோ, இன்றைக்கு எனக்குத் தெரியாது. நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும், இளம்வயதில் நீங்கள் நேசித்த ஒரு புத்தகம் தூசி படிந்து இருக்கக்கூடும். இந்த வாரம் அதைத் துடைத்து எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்.